மருமகனுக்குப் பழைய எலெக்ட்ரிக் கிடார்: முதலில் நெக்கைப் பாருங்கள்

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். அக்கா மகனுக்கு 15 வயது. ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். இரண்டு வருடமாக அகூஸ்டிக் கிடார் வாசிக்கிறான். தாய்மாமன் முறைக்கு அவனுக்கு ஒரு பழைய ‘விண்டேஜ்’ எலெக்ட்ரிக் கிடார் வாங்கித் தர ஆசை. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கிடார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லெஸ் பால் (கிப்சன் கம்பெனியின் பிரபல மாடல்) வடிவம், தலையில் பெயர் எதுவும் இல்லை. பின்பக்கத் தகட்டில் ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக்’, ‘மேட் இன் ஜப்பான்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. 1970-களில் வந்தது என்கிறார்கள். 45,000 கேட்கிறார்கள், கூடவே அந்தக் காலத்து ஆம்ப் ஒன்றும் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். கிடாரே வேண்டாமா என்பதை நேரில் போய்ப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் சொல்லும் தகடு, 1960-களின் கடைசியிலும் 70-களிலும் ஜப்பானிலிருந்து அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்குக் குவியல் குவியலாகப் போன மலிவு வரிசைக் கிடார்களில் அடிக்கடி இருக்கும். ஒரே தொழிற்சாலை பல கடைகளின் பெயரில் செய்து கொடுத்தது, பெயர் ஒட்டாமலும் அனுப்பியது. லெஸ் பால் மாதிரி வளைந்த முகப்பு இருந்தாலும், பலவற்றில் அது அழுத்தி வளைத்த பிளைவுட். முகப்பை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டப்பாவைத் தட்டுவது போலச் சத்தம் வந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. அது குற்றமில்லை, சில கைகளில் அப்படிப்பட்ட கிடார் அருமையாகவே பேசும். ஆனால் 45,000 ரூபாய் பெறாது. நெக் (விரலால் அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) தேறினால் 10,000, மிஞ்சினால் 12,000 தரலாம் என்பது என் கணிப்பு. மீதிப் பணத்துக்கு வேலை இருக்கிறது.

பழைய கிடார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘எல்லாம் ஒரிஜினலா?’ என்று கேட்கிறார்கள். அது சேகரிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. கைபடாத பெயின்ட், அன்றைய திருகாணி, அன்றைய ஈயப்பற்று இவற்றுக்கெல்லாம் அவர் தனியாக விலை கொடுக்கிறார். பையன் தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கப் போகும் கிடாருக்கு அந்தப் பணம் தண்டம். யாரோ ஒருவர் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மாற்றி, வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மாற்றி, மறுபடி பெயின்ட் அடித்த கிடாருக்குச் சந்தையில் விலை இறங்கிவிடும். அந்த இறக்கம்தான் உங்களுக்கு லாபம். பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பாட், ஜாக், டியூனிங் கீ, பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) என்று எதை வேண்டுமானாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். நெக் கெட்டிருந்தால் மாற்றுச் செலவு கிடாரின் விலையையே தாண்டும்.

60,000 ரூபாய்க்கு 1960-களின் உண்மையான ஃபெண்டரோ கிப்சனோ கிடைக்காது. அவை பல லட்சம். அந்த விலைக்கு ஒருவர் ‘1965 ஸ்ட்ராட்’ (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) என்று நீட்டினால், அது ஒன்றின் நெக்கும் இன்னொன்றின் உடலும் சேர்ந்ததாக இருக்கும், இல்லையென்றால் பெயர் மட்டும் ஒட்டியதாக இருக்கும். உங்கள் தொகைக்கு உள்ளே நல்ல பொருள் கிடைக்கும் இடம் 1980-களும் 90-களின் தொடக்கமும். 1982-இல் ஃபெண்டர் ஜப்பானில் கிளை தொடங்கியது. முதலில் செய்து கொடுத்தது மாட்சுமோட்டோ ஊரின் ஃபுஜிஜென். இபனெஸ், கிரெக்கோ கிடார்களும் அங்கேதான் உருவாயின. அதே ஊரின் மாட்சுமோக்கு தொழிற்சாலை 1987-இல் மூடும் வரை ஆரியா புரோ 2, வெஸ்ட்டோன் பெயர்களில் செய்ததெல்லாம் இன்றும் உறுதியாக நிற்கிறது. டோகாய், யமஹா எஸ்ஜி வரிசை, 1990-இல் வந்த பசிஃபிகா இவற்றையும் தேடுங்கள். கொரியாவில் செய்த ஸ்குவையர் கிடார்களில் சிலவற்றுக்கு உடல் பிளைவுட். அதனால் விலை குறையும், நெக் நன்றாகவே இருக்கும்.

தொகையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: கிடாருக்கு 35,000, ஃப்ரெட், நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய பட்டை), செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு, சுருதி சரிசெய்தல்) வேலைக்கு 8,000, ஆம்புக்கு 12,000, கெட்டியான கேஸ், கேபிள், ஸ்ட்ராப், கம்பிகளுக்கு 5,000. செட்டப்புக்கு எடுத்துவைக்கும் 8,000-ஐ மட்டும் தொடாதீர்கள். பழைய கிடார் எதுவும் வாங்கிய நாளிலேயே சுகமாக வாசிக்கிற நிலையில் இருப்பதில்லை. பையன் அகூஸ்டிக்கிலிருந்து வருகிறான், கை ஏற்கெனவே வலி பழகியது. எலெக்ட்ரிக்கும் அப்படியே வலித்தால் ஒரு மாதத்தில் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் மலிவாகத் தெரிவதைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய இங்கே அனுமதி தேவைப்படும். பார்சல் சுங்கத்தில் தங்கிவிட்டால் தீர்வையோடு தாமதமும் சேரும். பெங்களூர் ஏறக்குறைய 200 கி.மீ. தொலைவு, சென்னைக்கு ரயில் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் பழைய கிடார் கைமாறுகிறது. நேரில் தொட்டுப் பார்க்க முடியாத கிடாரைப் பரிசுக்கு வாங்க வேண்டாம்.

போவதற்கு முன் பையனைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கையால் மீட்டுகிறான்? இடது கைக்காரன் என்றால் தேடல் முழுவதும் மாறும், கிடைப்பதும் அரிது. எந்த மாதிரி இசை? கனமான ராக் என்றால் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), தெளிந்த ஒலியும் மெலடியும் என்றால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்). கை எவ்வளவு பெரியது? ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி நீளம் 648 மி.மீ., கிப்சன் வகையில் 628. இந்த 2 செ.மீ. குறைவு சின்னக் கைக்குப் பெரிய உதவி. ஃப்ரெட் இடைவெளி சற்று நெருங்கும், கம்பியும் தளர்ந்து கொடுக்கும். எடையையும் பாருங்கள். லெஸ் பால் வகை 4 கிலோவைத் தாண்டும், 70-களின் பிற்பகுதி ஸ்ட்ராட்டுகளிலும் கனமானவை உண்டு. வளரும் தோளுக்கு 3.5 கிலோவை ஒட்டி இருப்பது நல்லது. கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் ஊகிக்க வேண்டியதில்லை.

இனி அந்தப் பங்களாவுக்குப் போவோம். மூடுபனி இல்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு போங்கள், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 10–46 அளவில் ஒரு புது செட் கம்பி, கிளிப் டியூனர், அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், விசிட்டிங் கார்டு, டார்ச், மல்டிமீட்டர், சின்ன ஸ்க்ரூடிரைவர், கேபிள், பேட்டரியில் ஓடும் சிறிய ஆம்ப் இவை கையில் இருக்கட்டும். துருப்பிடித்த பழைய கம்பியில் வைத்துச் சுருதியைச் சோதித்தால் எந்த முடிவும் சரியாக வராது. உரிமையாளர் சம்மதத்தோடு முதலில் கம்பியை மாற்றுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் லெஸ் பால் வகையில் பிரிட்ஜும் பின்பட்டையும் கையோடு வந்துவிடும்.

சுருதி கூட்டியதும், தச்சர் சட்டம் நேரா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது போல, தலைப்பக்கத்திலிருந்து நெக்கின் நெடுகப் பாருங்கள். நட்டின் கோடும் கடைசி ஃப்ரெட்டின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டது. நெக்குக்குள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு முன்பின் வளைவைத்தான் திருத்தும், முறுக்கைத் திருத்தாது. முறுக்கிய நெக் என்றால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து வளைவு. ஆறாம் கம்பியை (இருப்பதிலேயே தடித்தது) முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். 7, 8-ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு. கார்டு மூன்று நான்கு சேர்ந்து நுழைந்தால் கம்பியின் இழுவைக்கு நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கிறது. இரண்டையும் டிரஸ் ராட் சரிசெய்யும், ராட் உயிரோடு இருந்தால்.

உங்கள் விஷயத்தில் கேள்வி அங்கேதான். ‘ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு’ என்று பொறித்தவற்றில் சிலவற்றுக்குத் திருகக்கூடிய ராட் உண்டு, சிலவற்றில் வெறும் இரும்புப் பட்டையைப் புதைத்து மூடியிருப்பார்கள். தலையில் நட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு திருகாணியைக் கழற்றுங்கள். உள்ளே அறுகோண மரையோ ஆலன் குழியோ தெரிந்தால் ராட் இருக்கிறது. பொருந்துகிற சாவியால் முதலில் இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்துங்கள், பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தளரவும் இறுகவும் இரண்டும் நடக்க வேண்டும். மரை கடைசி வரை ஏறி, மரத்தை நசுக்கிக்கொண்டு நின்றால் முன்னால் இருந்தவர் இறுக்கி இறுக்கி ராட்டை முடித்துவிட்டார் என்று பொருள். மூடியும் இல்லை, நெக்கின் அடிப்பக்க முனையிலும் மரை இல்லை என்றால், இன்று நேராக இருக்கும் அந்த நெக் ஆடியில் எப்படி இருக்கும், பங்குனியில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தாயிரத்துக்கும் வேண்டாம்.

நெக் தேறிவிட்டதா? 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை அளந்து பாருங்கள். முதல் கம்பிக்கு 1.6, ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ. இருந்தால் பையனுக்குச் சுகம். 3 மி.மீ.க்கு மேல் இருந்து, பிரிட்ஜை முழுக்க இறக்கியும் குறையவில்லை என்றால் நெக் பொருந்தியிருக்கும் கோணம் தவறு. நான்கு திருகாணியில் பூட்டிய நெக்காக இருந்தால் குழியில் அரை மி.மீ. ஆப்பு வைத்துச் சரிசெய்துவிடலாம். உங்கள் கிடாருக்குப் பின்பக்கத் தகடு இருக்கிறது என்றால் அது அந்த வகை, நல்லதாகப் போயிற்று. பசை போட்டு ஒட்டிய நெக் என்றால் அது பெரிய வேலை.

நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டின் நடு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 314-ஓ 324-ஓ வரும். 12-இலிருந்து முதல் கம்பி உட்காரும் பிரிட்ஜ் முனை வரை அதே அளவும், அதற்கு மேல் 1 முதல் 3 மி.மீ.யும் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிரிட்ஜைத் தப்பான இடத்தில் பூட்டியிருக்கிறார்கள். எவ்வளவு டியூன் செய்தாலும் மேலே போகப் போக அபஸ்வரம்தான். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு வரும் மணியொலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 சென்ட்டுக்குள் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இருந்தால் போதும். அழுத்திய ஒலி ஏறி நின்றால் பிரிட்ஜ் முனையைப் பின்னால் நகர்த்த வேண்டும், இறங்கி நின்றால் முன்னால். நகர்த்த இன்னும் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ரெட்டுகள் பற்றி. ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரு முறை வாசிக்க வேண்டும். 22 ஃப்ரெட் என்றால் 132 இடம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எங்காவது ‘ட்ஸ்ஸ்’ என்று அடித்தால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய கம்பிகளுக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கும். அது 50 வருடக் கிடாரின் இயல்பு. ஃப்ரெட் உயரம் 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் மட்டம் செய்தாலே போதும். 0.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் விரல் பலகையில் உரசும், கம்பியை வளைத்துப் பிடிக்க முடியாது, எல்லா ஃப்ரெட்டையும் மாற்ற வேண்டும். பழைய ஃபெண்டர் வகையில் விரல் பலகையின் குறுக்கு வளைவு 7.25 அங்குல ஆரம், அதாவது நல்ல வளைவு. அதில் கம்பியைத் தாழ்வாக வைத்துவிட்டு முதல் கம்பியை 12-க்கு மேலே ஒரு ஸ்வரம் வளைத்தால் ஒலி செத்துவிடும். வாங்குவதற்கு முன் வளைத்துப் பாருங்கள், இந்த வயதுப் பையன்கள் முதல் நாள் செய்யப்போவது அதைத்தான்.

கிப்சன் வகையில் தலை பின்னால் சாய்ந்திருக்கும், பல மாடல்களில் 17 டிகிரி. நட்டுக்குப் பின்னால் டிரஸ் ராட் மரைக்காகக் குடைந்திருப்பதால் அங்கே மரம் மெலிவு. நின்ற நிலையிலிருந்து மல்லாக்க விழுந்தால் அங்கேதான் ஒடியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்த இடத்தை நகத்தால் வருடுங்கள். மயிரிழைக் கோடோ பெயின்ட் நிற மாற்றமோ தெரிந்தால் ஒட்டிய தலை. ஒழுங்காக ஒட்டியது உறுதியாகவே நிற்கும், விலை மட்டும் ஏறக்குறைய பாதியாகும். சொல்லிவிட்டு விற்கிறார் என்றால் தயங்காமல் வாங்கலாம். மறைத்து விற்கிறார் என்றால் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப வேண்டாம்.

எஸ்டேட் பங்களாக்களில் பல வருடம் பூட்டிக் கிடந்த பொருள் என்பதால் இன்னொன்றையும் தேடுங்கள்: உளு. ஒன்றிரண்டு மி.மீ. அகலத்தில் வட்டமான துளைகள், தட்டினால் மாவு போலக் கொட்டும் தூள். நெக் குழி, பின்பக்கத் தகட்டின் ஓரம், கேஸின் மரச் சட்டம் மூன்றையும் பாருங்கள். புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. வீட்டு மரச்சாமானுக்கும் சேர்த்து வினை. கேஸில் பூஞ்சை வாடை அடித்தால் கேஸை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மின்பகுதி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பாட் திருகும்போது கரகர என்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு முறை அடித்து இருபது தடவை திருகினால் பெரும்பாலும் போய்விடும். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கேபிளைச் செருகி வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். சிங்கிள் காயில் 5.5 முதல் 6.5 வரை, ஹம்பக்கர் 7 முதல் 8.5 வரை காட்டும். ஹம்பக்கர் போலத் தெரிவது 4, 5 என்று காட்டினால் மூடிக்குள் ஒற்றைச் சுருள்தான் இருக்கக்கூடும், மலிவு வரிசைகளில் இது சகஜம். மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது. வாசிக்கும்போது கம்பியில் கை பட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் வயர் சரியாக இருக்கிறது. கை பட்டதும் கூடினால் பிரிட்ஜுக்குப் போகும் வயரைப் பார்க்க வேண்டும், அது சின்ன ஈயப்பற்று வேலை.

இப்போது அந்த ஆம்ப். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அதை எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். ஜப்பான் உள்நாட்டு ஆம்ப் என்றால் 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தது என்றால் 117 அல்லது 120. நம் வீட்டில் வருவது 230. செருகிய நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் புகையும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்தக் காலத்து ஆம்ப்களில் பல இரண்டு முள் பிளக்கோடு எர்த் இல்லாமல் வந்தவை. கிடாரின் கம்பி, பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கிறது. உள்ளே ஒரு பழைய கெப்பாசிட்டர் பழுதானால் மின்சாரம் நேரே கம்பிக்கு, பையனின் விரலுக்கு வரும். வால்வ் ஆம்ப் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300, 400 வோல்ட் தேங்கி நிற்கும், திறந்து பார்க்கவும் கூடாது. வால்வ் ஆம்ப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று முள் வயரும் புது கெப்பாசிட்டரும் போட்ட பிறகு, சரியான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு பயன்படுத்தலாம். பரிசுக்கு அது வேண்டாம். ஹெட்போன் துளையுள்ள 15, 20 வாட் புது பிராக்டிஸ் ஆம்ப் வாங்குங்கள், விடுதியில் அதுதான் ஒத்துவரும்.

புது ஆம்புக்கும் எர்த் வேண்டும். விடுதி வார்டனிடம் கேட்டு, பையன் செருகப்போகும் சாக்கெட்டை எலெக்ட்ரீஷியனை விட்டு மல்டிமீட்டரில் ஏசி அளவு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் ஆம்ப் வேண்டாம், பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப் போதும். மின்வெட்டு நேரத்தில் மலிவான இன்வர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப் ‘ர்ர்ர்’ என்று இரையும். அது கிடாரின் குறையில்லை.

வேறு கிடாருக்குப் போனால் வயதைச் சரிபார்க்க ஒரு வழி. 70-களின் நடுவிலிருந்து ஃபுஜிஜென் செய்த இபனெஸில் ஆங்கில எழுத்து ஒன்று மாதத்தையும் அடுத்த இரண்டு எண் வருடத்தையும் சொல்லும். ‘E’-யும் 78-ம் என்றால் 1978 மே. அமெரிக்கக் கிடாரில் வால்யூம் பாட்டின் முதுகில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 137 7633 என்றால் சிடிஎஸ் கம்பெனி, 1976-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரம். கிடார் அதைவிடப் பழையது என்று சொன்னால், பாட்டை மாற்றியிருக்கிறார்கள் அல்லது கதை சொல்கிறார்கள்.

வாங்கிய பிறகு வேலை யாரிடம் கொடுப்பது? ஜாக், வயர், பாட் இவற்றைச் சேலத்தில் நல்ல டிவி, ரேடியோ மெக்கானிக் யாரும் செய்வார். கழற்றும் முன் படம் எடுக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாட்டையும் ஒரு கவரில் போட்டுக் கேஸிலேயே வையுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் மிக நுண்ணிய அரம் இருக்கும், கை நேர்த்தியும் இருக்கும். ஃப்ரெட் முனை கூராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், விரல் பலகையில் டேப் ஒட்டிக் கொடுத்து, அதை மழுக்க அவர்களால் முடியும். நட்டின் பள்ளத்தை மட்டும் தொட விடாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனில் தனி அரம் வேண்டும், கால் மி.மீ. ஆழம் கூடினால் நட்டே வீண். அதையும் ஃப்ரெட் மட்டம் செய்வதையும் பெங்களூரிலோ சென்னையிலோ கிடார் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். செட்டப்பை 9–42 கம்பி போட்டுச் செய்யச் சொல்லுங்கள். கம்பி அளவை மாற்றினால் நெக்கின் வளைவும் மாறும், பிறகு திரும்பவும் அலைய வேண்டும்.

மலைக்கும் கீழுக்கும் நடுவே கிடார் போய் வருவதில் கவனம் வேண்டும். சேலம் 300 மீட்டருக்குள், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் சித்திரை வெயிலிலிருந்து குளிருக்குள் போய்விடுகிறோம். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் இந்தத் திடீர் மாற்றத்தில் கண்ணாடி போல மயிரிழையாக வெடிக்கும். மேலே போனதும் கேஸைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் கம்பியை அரை ஸ்வரம் தளர்த்தினால் போதும். கோடையில் சேலத்தில் பூட்டி நிறுத்திய கார் டிக்கியில் அரை மணி நேரம்கூட வைக்கக் கூடாது, அந்தச் சூட்டில் பசை இளகும். பேருந்தில் என்றால் மேல் தட்டு வேண்டாம், முழங்காலுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஏற்காட்டில் மழையும் பனியுமாக இருக்கும் மாதங்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கேஸில் 100 கிராம் சிலிக்கா ஜெல் பையோடு வைக்க வேண்டும். கோடை லீவுக்குச் சேலம் கொண்டுவரும்போது அந்தப் பையை எடுத்துவிடுங்கள். இங்கே காற்று ஏற்கெனவே காய்ந்தது, இன்னும் உறிஞ்சினால் விரல் பலகை சுருங்கி ஃப்ரெட் முனை வெளியே குத்தும். கேஸுக்குள் பாச்சா உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பழைய பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். விரல் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு, அது சிக்குப் பிடித்து அழுக்கைச் சேர்க்கும். ஈட்டி மரப் பலகைக்குக் கிடார் கடையில் விற்கும் லெமன் ஆயில் வருடத்துக்கு இரண்டு முறை நான்கு சொட்டு. வெளிர் நிற மேப்பிள் பலகைக்கு மேலே வார்னிஷ் இருக்கும், எதுவும் தடவ வேண்டாம். ரப்பர் முனை ஸ்டாண்டில் நைட்ரோ பெயின்ட் கிடாரை நிறுத்தினால் பெயின்ட் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், துணி சுற்றி வையுங்கள்.

பணம் கொடுக்கும்போது வெள்ளைத் தாளிலாவது சீரியல் எண், செய்த மாற்றங்கள், விலை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்ற ஒரு வரியும் இருக்கட்டும். நேர்மையாக விற்பவர் அதற்கு மறுக்க மாட்டார்.

கடைசியாக, இதை ரகசியமாக வாங்க நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். விடுதியில் வெளியே அனுப்பும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து, பையனையும் அந்தப் பங்களாவுக்குக் கூட்டிப்போங்கள். கிடாரை மடியில் கொடுத்து அரை மணி நேரம் எதுவும் சொல்லாமல் இருங்கள். அவன் இடது மணிக்கட்டைக் கவனியுங்கள். பார் கார்டு (ஒரே விரலால் கம்பிகளைக் குறுக்கே அழுத்தும் பிடி) பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் வெளுத்தால் அந்த நெக் அவன் கைக்குத் தடிமன். வேறு கிடார் பாருங்கள்.